உருமாறியும் ஊரும்: நீலி கதையின் துணையுடன் இரத்தக்காட்டேரிப் புதினங்களை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ள அமானுஷ்யக் காதல் புதினங்களும் நகர மிகுபுனைவுகளும் தமிழ் இளைய வாசகரிடையே பரவலாக வாசிக்கப்படுகின்றன. தமிழ்த் திறனாய்வு இவற்றை வெற்றுப் பொழுதுபோக்கு என்றோ மேலைநாட்டு இறக்குமதி என்றோ கருதி விலகியே நிற்கிறது. இக்கட்டுரை அப்புதினங்கள் சிலவற்றைப் பழையனூர் நீலி கதை, திருமூலர் வரலாறு ஆகியவற்றுடன் ஒப்பிட்டு வாசிக்கிறது. உருமாறிய உடலுக்கு யார் தீர்ப்பு வழங்குகிறார், எந்த மண்ணில் அதற்கு இடம் உண்டு என்னும் இரு வினாக்கள் இவ்வொப்பீட்டின் அடிப்படை. நெய்வேலிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த வளையமாதேவியின் அண்மைக்கால நிகழ்வு இரண்டாம் வினாவைக் கூர்மைப்படுத்துகிறது.

திறவுச்சொற்கள்: உருமாறி, இரத்தக்காட்டேரி, நீலி கதை, நகர மிகுபுனைவு, பிடிமண், நிலம்.

முன்னுரை

மனித உருவிலிருந்து விலங்குருவுக்கும், விலங்குருவிலிருந்து மனித உருவுக்கும் மாறவல்ல பாத்திரத்தை ஆங்கிலப் புதின உலகம் ‘ஷிஃப்டர்’ என்கிறது. இக்கட்டுரையில் அது உருமாறி எனப்படுகிறது. இரத்தம் உண்டு வாழும் ‘வாம்பயர்’ என்பதற்குத் தமிழ் வழக்கிலுள்ள இரத்தக்காட்டேரி என்னும் சொல்லே போதுமானது. இவ்விரு பாத்திரங்களையும் காதலராகவோ, அண்டை வீட்டாராகவோ, உடன் பணிபுரிவோராகவோ படைத்துக்காட்டும் புதினங்கள் 1990களிலிருந்து தனி வகைமையாக வளர்ந்தன. லாரல் கே. ஹாமில்டனின் ‘கில்ட்டி பிளெஷர்ஸ்’ (1993), சார்லெய்ன் ஹாரிஸின் ‘டெட் அன்டில் டார்க்’ (2001), ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005), பட்ரீசியா பிரிக்ஸின் ‘மூன் கால்டு’ (2006) ஆகியவை இவ்வகைமையில் நன்கு அறியப்பட்டவை.

இவற்றை வாசிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் தம் வாசிப்பை ஆய்வுக்கு உரியதாகக் கருதத் தயங்குவது இயல்பு. பாடத்திட்டத்தில் பேய்க்கு இடம் இல்லாமல் இல்லை. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் கூழ் அடுவதையும், காரைக்காலம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றதையும் பயிலாத தமிழ் மாணவர் அரிது. ஆயினும் பரணிப் பேய்க்குக் கிடைத்த மதிப்பு வெகுமக்கள் புதினத்தின் பேய்க்குக் கிடைக்கவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மப் புதினங்களும் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரும் ஒரு தலைமுறையின் கற்பனையை உருவாக்கியவை. அவை பெற்ற வாசக வரவேற்புக்கு ஈடான திறனாய்வுக் கவனம் அவற்றுக்குக் கிட்டவில்லை. இந்நிலையில் ஆங்கில உருமாறிப் புதினத்தைப் பற்றி எழுதுவது இருமடங்கு விலக்கப்பட்ட பொருளை எடுத்துக்கொள்வதாகும்.

பெட்டியில் வந்த மண்

இரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு நவீன வடிவம் தந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) புதினத்தில் போதிய கவனம் பெறாத பொருள் ஒன்று உண்டு. அது மண். டிரான்சில்வேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறும் டிராகுலா, ஐம்பது பெட்டிகளில் தன் தாய்மண்ணையும் ஏற்றிச் செல்கிறான். அம்மண்ணின்மேல் கிடந்தாலொழிய அவனுக்கு ஓய்வு இல்லை. அவனை வேட்டையாடுவோர் முதலில் தேடி அழிப்பதும் அப்பெட்டிகளையே. புதினம் ஒரு நிலப் பரிவர்த்தனையில் தொடங்குகிறது என்பதும் நோக்கத்தக்கது. ஜோனதன் ஹார்க்கர் என்னும் இளம் வழக்குரைஞர் டிராகுலாவின் கோட்டைக்குச் செல்வதற்குக் காரணம், லண்டன் அருகே அவன் வாங்கும் வீட்டின் பத்திரவேலையே. சட்டப்படி வாங்கிய மனையும், பெட்டியில் சுமந்த மண்ணும் ஆகிய இரண்டும் அவனுக்குத் தேவைப்படுகின்றன.

இருபத்தோராம் நூற்றாண்டுப் புதினங்களில் பெட்டி மறைந்துவிட்டது. பத்திரம் எஞ்சி நிற்கிறது. ‘டெட் அன்டில் டார்க்’ புதினத்தில் பில் காம்ப்டன் என்னும் இரத்தக்காட்டேரி லூசியானாவின் பான் டெம்ப்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூருக்கு வருவது, தன் வழித்தோன்றல் இறந்தபின் பரம்பரை வீட்டைக் கையகப்படுத்திக்கொள்வதற்காகவே. ஜப்பானில் செயற்கை இரத்தம் கண்டுபிடிக்கப்பட்டதால் இரத்தக்காட்டேரிகள் வெளிப்படையாக வாழத் தலைப்பட்டுவிட்ட உலகம் அது. அழைப்பின்றி இன்னொருவர் வீட்டுக்குள் அவர்கள் நுழைய இயலாது. தந்த அழைப்பை வீட்டுக்குரியவர் எந்நேரமும் திரும்பப் பெறலாம். பழைய நம்பிக்கையின் எச்சம் போலத் தோன்றும் இவ்விதி, உண்மையில் தனியுடைமையின் விதி. மந்திரம் காப்பது ஊரெல்லையை அன்று, வீட்டு வாசற்படியை.

‘ட்வைலைட்’ இதினின்று சற்றே வேறுபடுகிறது. அதில் கல்லன் குடும்பத்து இரத்தக்காட்டேரிகள் ஊர்விட்டு ஊர் பெயரும் செல்வர்கள். ஓநாயுருக் கொள்ளும் குவிலியூட் இளைஞர்களோ லா புஷ் என்னும் கடற்கரை நிலத்தைக் காப்பவர்கள். இரு தரப்புக்கும் இடையே எல்லை வகுக்கும் உடன்படிக்கை உள்ளது. குவிலியூட் மக்கள் கற்பனை மாந்தர் அல்லர். வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் பழங்குடியினர். ஆழிப்பேரலை அச்சத்திலிருந்து அவர்கள் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர, ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியை வழங்கும் சட்டம் 2012ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அவர்தம் தொன்மத்தை எடுத்தாண்ட புதினம் அவர்தம் நிலச்சிக்கலை எடுத்தாளவில்லை. நிலத்தின் காவலராக உருமாறிகளைப் படைத்துவிட்டு, கதையின் முழு விசையையும் ஒரு பெண்ணின் காதற்றேர்வில் குவித்துவிடுவது அப்புதினத்தின் பெருங்குறை எனலாம்.

சபைமுன் நின்ற உடல்

பழையனூர் நீலி கதைக்கு வடிவங்கள் பல. கதைக்கூறுகள் வட்டாரந்தோறும் வேறுபட்டாலும் நடுக்கூறு மாறுவதில்லை. முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். கொன்றவன் மறுபிறப்பில் வணிகனாகிறான். அவன் திருவாலங்காட்டுப் பகுதி வழியே செல்லும்போது, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவியின் உருவில் நீலி பின்தொடர்கிறாள். வணிகன் அவளைப் பேயென்று அறிவான்; அவள் மனைவியென்று வாதிடுகிறாள். வழக்குப் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் வருகிறது. குழந்தை அவனைத் தந்தையென அணைகிறது. சபை அவளை நம்புகிறது. அவனுக்கு ஊறு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக வாக்களித்து, அவன் கையிலிருந்த காவல் ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓரறையில் தங்கவைக்கிறது. விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் காக்கத் தீப்புகுகின்றனர். ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைச் சுட்டுவதாகக் கொள்ளப்படுவதால் கதையின் தொன்மை ஏழாம் நூற்றாண்டுக்குச் செல்கிறது. அவர்கள் தீப்புகுந்ததாகக் கருதப்படும் இடத்தில் நினைவு மண்டபமும் உண்டு.

அமானுஷ்யக் காதல் புதினத்துக்கு உரிய கூறுகள் அனைத்தும் இக்கதையில் உள்ளன. மறைக்கப்பட்ட இயல்பு, இணையென்னும் உரிமைக்கோரல், பிறவி கடந்த பிணைப்பு, இரவில் ஓரறை ஆகியவை யாவும் இருந்தும் இது காதற்கதை ஆகவில்லை. காரணம், தீர்ப்புரைப்பவர் யார் என்பதிலேயே உள்ளது. ஆங்கிலப் புதினத்தில் உருமாறியின் உண்மை இயல்பு வெளிப்பட்டதும் அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது காதலியே. சூக்கி ஸ்டாக்ஹவுஸ் பிறர் மனத்தைக் கேட்கும் ஆற்றல் உடையவள். பில்லின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த மௌனம் தரும் அமைதியே அவளுக்கு அவன்மேல் ஈடுபாட்டை உண்டாக்குகிறது. முடிவு அவளது அகத்துள் நிகழ்வது. நீலி கதையில் முடிவு ஊர்ப்பொதுவில் நிகழ்கிறது. பேயை மனைவியாக ஏற்றது கணவன் அன்று, ஊர். தவற்றுக்கு விலை கொடுத்ததும் ஊரே.

இதே அமைப்பின் தலைகீழ் வடிவம் பெரியபுராணத்துத் திருமூலர் வரலாற்றில் கிடைக்கிறது. இறந்த இடையன் மூலனின் உடலுள் சிவயோகியார் புகுகிறார். மாலையில் வீடு திரும்பாத கணவனைத் தேடி வரும் மூலனின் மனைவிக்கு, இவர் தமக்கு அவளோடு உறவில்லை என்கிறார். கண்முன் நிற்பது கணவனின் உடல், உள்ளிருப்பவர் வேறொருவர். அவள் சாத்தனூர் நல்லோரிடம் முறையிட, அவர்கள் அவரது யோகநிலையைக் கண்டு தெளிந்து அவளைத் தேற்றி அழைத்துச் செல்கின்றனர். இங்கும் மனைவி உரிமை கோருகிறாள், ஆடவன் மறுக்கிறான், ஊரார் ஆராய்கின்றனர். நீலியின் பொய்வழக்கு வென்றது. மூலன் மனைவியின் மெய்வழக்குத் தோற்றது. சேக்கிழாரின் நோக்கம் யோகியின் பெருமையைக் கூறுவதே ஆதலால் அப்பெண்ணின் துயரம் சில பாடல்களோடு நின்றுவிடுகிறது. எனினும் ஒரே இரவில் கணவனையும் இழந்து, இழந்ததாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையையும் இழந்த அவளைப் பற்றி எழுதப்படாத புதினம் ஒன்று அங்கே உள்ளது.

திருவாலங்காட்டிலேயே பேயுருவில் இறைவன் ஆடலைப் பாடியவர் காரைக்காலம்மையார். அவரை விட்டு நீங்கி வேறு மணம் புரிந்த கணவன், சுற்றத்தார் நோக்க அவர் காலில் விழுந்த பின்னரே அவர் உடலழகை உதறிப் பேயுரு வேண்டினார். உடல்மாற்றம் என்பது தமிழ் மரபில் சுற்றம், ஊர், அவை ஆகியவற்றின் கண்முன் நிகழ்ந்து, அவற்றால் பெயரிடப்படும் ஒன்றாக இருப்பதை இம்மூன்று கதைகளும் காட்டுகின்றன.

ஓநாய்க்கூட்டம் என்னும் அவை

ஆங்கிலப் புதினங்களில் அவையே இல்லையென்று கூறிவிட இயலாது. ‘மூன் கால்டு’ புதினத்தின் நாயகி மெர்சி தாம்ப்சன் வோக்ஸ்வாகன் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். கொயோட்டி என்னும் குள்ளநரியின வடிவம் கொள்பவள். பழங்குடித் தந்தை வழியே வந்தது அவ்வாற்றல். ஓநாய்மனிதரிடையே வளர்ந்தும் அவள் அவர்களில் ஒருத்தி அல்லள். அவளுடைய சிறு வீட்டை அடுத்து, ஓநாய்க்கூட்டத் தலைவன் ஆடமின் பெரிய வீடு. அவன்மேல் சினம் கொள்ளும்போதெல்லாம் அவன் சன்னலிலிருந்து தெரியுமாறு நிறுத்திய பழங்காரை அவள் மேலும் சீர்கெடுத்து வைக்கிறாள். வேலிச்சண்டையைக் காதலாக வளர்க்கும் இந்நகைச்சுவை இவ்வகைமையில் அரிதாகக் கிடைக்கும் இயல்பான பகுதி.

அந்த ஆடம், அவளைக் கேளாமலேயே, தன் கூட்டத்தின்முன் அவளைத் தன் இணையென முன்பே அறிவித்திருக்கிறான். அவளுக்கு அது பின்னர்தான் தெரியவருகிறது. அவளைப் பிற ஓநாய்களிடமிருந்து காப்பதற்கான ஏற்பாடு என்று கதை காரணம் கூறுகிறது. நீலி கதையோடு வைத்துப் பார்க்கும்போது இவ்விடத்தின் சிக்கல் விளங்குகிறது. இருகதைகளிலும் ஒருவர் மற்றவரைத் தம் இணையென அவையில் உரிமை கோருகிறார். மற்றவரின் ஒப்புதல் பொருட்படுத்தப்படவில்லை. நீலி கோரும்போது அது வஞ்சம். ஆடம் கோரும்போது அது காவல். நீலியை நம்பிய அவை உயிரைக் கொடுத்தது. ஆடமை நம்பிய அவைக்கு இழப்பு ஏதும் இல்லை. தவறாகத் தீர்ப்பளித்தால் தீயில் இறங்கவேண்டும் என்னும் பொறுப்பு இல்லாத அவை வெறும் அதிகாரக் கூட்டம் மட்டுமே. பிரிக்ஸ் இதை உணராதவர் அல்லர் என்பதற்கு மெர்சியின் சினமே சான்று. ஆனால் காதற்புதினத்தின் கட்டமைப்பு அச்சினத்தை ஊடலாகக் குறைத்துவிடுகிறது.

ஒரு வகையில் ஆங்கிலப் புதினமே முன்னிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். சூக்கியும் மெர்சியும் தம் கதையைத் தாமே கூறுகின்றனர். நீலி தன் கதையைக் கூறிக்கொள்ள எவரும் இடம் தரவில்லை. பழையனூர்ச் சபை ஆராய்ந்தது, வணிகன் அவளுக்குக் கணவனா என்பதை மட்டுமே. முற்பிறப்பில் காட்டில் அவள் கொலையுண்டதை ஆராய எந்தச் சபையும் கூடவில்லை. எழுபதின்மரின் வாய்மை மண்டபமாக நிலைத்தது. அவள் பெயரோ ‘நீலிக்கண்ணீர்’ என்னும் வசைச்சொல்லில் எஞ்சியது. கொலையுண்டவளின் அழுகையைப் போலி அழுகைக்கு உவமையாக்கியிருக்கும் மொழி, தீர்ப்பை இன்றளவும் திருத்தவில்லை. தென்மாவட்ட வில்லுப்பாட்டு மரபு இதற்கு ஒருவகை மாற்று. அங்கே அவள் இசக்கியாக நின்று வழிபாடு பெறுகிறாள்; அவளது முற்பிறப்புக் கொலையும் விரிவாகப் பாடப்படுகிறது. தன்மைக்கூற்றில் அமைந்த உருமாறிப் புதினங்களைப் பயின்ற ஒரு வாசகருக்கு, எழுதப்பட்ட வடிவங்களில் நீலியின் குரல் இல்லாமை உடனே உறுத்தும். இவ்வகைமையின் வாசிப்பு தமிழ்ப் பனுவல் வாசிப்புக்குத் தரும் பயன் இது.

பிடிமண்

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தெய்வத்தை வகுத்துத் தந்தது. சங்கப் பாடல்களின் அணங்கு மலையிலும் சுனையிலும் உறைவது. கொல்லிப்பாவைக்குக் கொல்லிமலையே இடம். நீலிக்கும் பழையனூர், ஆலங்காடு என்னும் ஊர்ப்பெயர்கள் ஒட்டியே வருகின்றன. ‘நகர மிகுபுனைவு’ தமிழில் வேர்கொள்ளாமைக்குக் காரணம் இதுவே எனத் தோன்றுகிறது. தமிழ் மர்மப் புதினத்தில் நகரத்தார் பெரும்பாலும் மலைக்கோ சிற்றூர்க் கோயிலுக்கோ சென்றுதான் அமானுஷ்யத்தைச் சந்திக்கின்றனர். அது நகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறுவதில்லை.

பெயர்ந்தே ஆகவேண்டுமெனில் அதற்கும் முறை உண்டு. குடிபெயரும் மக்கள் தம் தெய்வத்தின் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் நிலைநிறுத்துவர். டிராகுலாவின் ஐம்பது பெட்டிகளுக்கும் இப்பிடிமண்ணுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதாயினும் பொருளுடையது. இராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ (2011) திரைப்படம் இம்முறையை அறிந்தோ அறியாமலோ கையாண்டுள்ளது. நிலத்துக்காகக் கொல்லப்பட்டு அந்நிலத்திலேயே புதைக்கப்பட்ட திருநங்கையின் ஆவி, அங்கு ஊன்றப்பட்ட கிரிக்கெட் குச்சிகள் வழியே நாயகனின் வீட்டுக்குள் வருகிறது. கேலிக்கூத்தும் இரைச்சலும் மிகுந்த படம் எனினும், நகரத்து வீட்டுக்குள் பேய் வரவேண்டுமாயின் மண்ணோடுதான் வரவேண்டும் என்பதில் அது தெளிவாக இருந்தது. அப்பேயின் வழக்கும் நிலவழக்கே.

மெர்சியின் ஊர் இங்குத்தான் மீண்டும் கவனத்துக்கு வருகிறது. பிரிக்ஸ் தம் கதைக்களமாகக் கொண்ட டிரை சிட்டீஸ் பகுதியின் மூன்று நகரங்களில் ஒன்று ரிச்லண்ட். 1943இல் அமெரிக்க அரசு ஹான்ஃபோர்டு அணு உற்பத்திக்காக அங்கு நிலம் எடுத்தபோது ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் என்னும் ஊர்களின் குடிகள் வெளியேற்றப்பட்டனர். வனபம் பழங்குடியினர் கொலம்பியா ஆற்றங்கரையிலிருந்த தம் இடங்களை இழந்தனர். ரிச்லண்ட் அரசுக்குச் சொந்தமான குடியிருப்பு நகராக மாற்றப்பட்டு 1958 வரை அவ்வாறே இருந்தது. பழங்குடித் தந்தையின் மகளான ஓர் உருமாறி, பழங்குடிகள் அகற்றப்பட்ட நிலத்தில் கார் பழுதுபார்த்து வாழ்கிறாள் என்பது எத்தகைய கதைக்கரு! ‘ரிவர் மார்க்ட்’ (2011) என்னும் பின்னைய புதினம் கொலம்பியா ஆற்றுக்கும் அவளது தந்தைவழி மரபுக்கும் திரும்பும்போது அக்கரு ஓரளவு முளைவிடுகிறது. தொடரின் முதற்புதினத்தில் அது உறங்கியே கிடக்கிறது.

தமிழில் இதற்கு நேரான களம் நெய்வேலி. 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது. சிற்றூர்கள் இருந்த நிலத்தில் எண்ணிட்ட வட்டங்களாக நகரியம் எழுந்தது. பல ஊர்களிலிருந்து வந்தோர் ஒரே அமைப்புடைய வீடுகளில் குடியேறினர். நகர மிகுபுனைவு கோரும் களம் இதுவே: வேறுவேறு மண்ணிலிருந்து வந்தோர், ஒருவர் இயல்பை ஒருவர் அறியாது, அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊர். சுரங்கத்தின் விரிவு இன்னும் நிற்கவில்லை. 2023 சூலையில் வளையமாதேவியில், முன்பே கையகப்படுத்தப்பட்டதாகக் கூறப்பட்ட நிலத்தில், பரவனாற்றின் மாற்றுப்பாதைக்கான கால்வாய் வெட்டும் பொருட்டுக் கதிர்விடும் நிலையில் இருந்த நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிருக்கு இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது. பயிர் யாருடையது, நிலம் யாருடையது, கையகப்படுத்தியது எப்போது, பயிரிட்டது எப்போது என்னும் வினாக்கள் ஆவணங்களைக் கொண்டு வாதிக்கப்பட்டன.

ஆவணத்தில் இடம்பெறாத குடிகளும் ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் உண்டு. ஊர் பெயர்க்கப்படும்போது அவை பிடிமண்ணாகவே பெயரவேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்திலோ நிலக்கரியை அடைவதற்கு முன் மேல்மண் முழுவதும் அகழ்ந்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் குன்றுகளாகக் குவிக்கப்படுகிறது. வயலின் மண்ணும் களத்துமேட்டின் மண்ணும் எல்லைக்கல் நின்ற இடத்தின் மண்ணும் ஒன்றாகக் கலந்து, பெயரற்ற மலையாக உருமாறி நிற்கின்றன. பழையனூர் வழக்கை வளையமாதேவியில் வைத்து ஒருவர் எழுதப் புகுவாராயின், அவருடைய நீலி வந்து முறையிடுவதற்கு எழுபதின்மர் கூடும் சபை அங்கிராது. அவளை நிலைநிறுத்தப் பிடிமண் எடுக்க வருவோர் அக்குன்றின் எப்பக்கத்தில் கைவைப்பது என்பதே அப்புதினத்தின் முதல் அத்தியாயமாக அமையக்கூடும்.